முதல் சுஷிக்கு இறாலே நல்லது
வன்னியில் ஒருவருக்கு முதன்முதலாகச் சுஷி (வினாகிரி கலந்த சோற்றுப் பிடியின்மேல் மீனோ இறாலோ வைக்கும் ஜப்பானிய உணவு) செய்து கொடுப்பதென்றால் பச்சை மீனில் தொடங்காதீர்கள். அன்று பிடித்த மீனிலும் புழு இருக்கலாம். அதைக் கொல்ல –20 பாகை செல்சியஸில் 7 நாள் உறையவேண்டும். வீட்டு ஐஸ்பெட்டியை அதற்கு நம்பமுடியாது.

நந்திக்கடல் இறால் போதும், அருமையாக வரும். தலையை நீக்கி, ஓட்டோடு, வயிற்றுப் பக்கமாக வால்வரை ஈர்க்குச் செருகி, உப்புத் தண்ணீரில் 2–3 நிமிடம் அவியுங்கள். ஈர்க்கு இல்லாவிட்டால் இறால் சுருண்டுவிடும், சோற்றில் படியாது. ஆறியபின் ஈர்க்கை உருவி, ஓடு கழற்றி, வயிற்றைக் கீறி விரியுங்கள்.

சம்பா ஒட்டாது; குட்டையான ஜப்பானிய அரிசிதான் வேண்டும். 2 கப் அரிசி வெந்ததும் 4 மேசைக்கரண்டி வினாகிரி, 2 மேசைக்கரண்டி சீனி, 1 தேக்கரண்டி உப்பு கரைத்துச் சுடுசோற்றில் ஊற்றி, அகப்பையால் வெட்டுவதுபோலக் கலக்குங்கள். கிண்டினால் களியாகிவிடும். இளஞ்சூட்டிலேயே, கையை நனைத்துக்கொண்டு பிடித்து, விரித்த இறாலை மேலே வையுங்கள். ஐஸ்பெட்டியில் வைத்த சோறு விறைத்துப்போகும்.

சோயா சோஸில் இறால் பக்கத்தைத் தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் உப்பை உறிஞ்சி உதிர்ந்துவிடும்.