மணல், உப்பு, இரும்புத்தூள், நவச்சாரம்: நான்கையும் பிரித்தெடுக்கும் வரிசை

பிரிக்கும் முறைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நன்றாகச் சொல்லும் மாணவர்கள்கூட, நான்கு பொருள் கலந்த கிண்ணத்தைக் கையில் கொடுத்ததும் எங்கே தொடங்குவது என்று தயங்கி நிற்பார்கள். முறைகள் எளியவை, சூட்சுமம் வரிசையில்தான். முதலில் காந்தம், அடுத்தது பதங்கமாதல் (சூட்டில் உருகாமலே வாயுவாகி, குளிர்ந்ததும் மறுபடி திடமாகப் படிவது), பிறகு கரைத்து வடிகட்டுதல், கடைசியில் ஆவியாக்கல். இதை மாற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் வரிசை தானாக நினைவில் நிற்கும்.

தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டால் உப்பும் கரையும், நவச்சாரமும் கரையும். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் உப்பு சுமார் 36 கிராமும் நவச்சாரம் சுமார் 37 கிராமும் கரைகின்றன. இவ்வளவு நெருங்கிய அளவில் இரண்டும் கரைந்த பிறகு வடிதாளால் ஒன்றும் செய்ய முடியாது. போதாக்குறைக்கு, ஈரத்தில் நவச்சாரம் பட்ட இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். சரி, முதலில் சூடாக்கலாமா? நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, சூட்டில் அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்ற இரண்டு வாயுக்களாகப் பிரிகிறது. குளிர்ந்த இடத்தில் அவை மறுபடி சேர்ந்து வெண்பொடியாகப் படிகின்றன. அந்த ஹைட்ரஜன் குளோரைடு இரும்பை அரிக்கும். அதனால் இரும்பு முதலில் வெளியே வந்தாக வேண்டும்.

கலவை தயாரித்தல்

மணல் 20 கிராம், தூளுப்பு 10 கிராம், இரும்புத்தூள் 5 கிராம், நவச்சாரம் 3 கிராம் போதும். பாதிச் சிக்கல் இந்தக் கட்டத்தில்தான் பிறக்கிறது. மணலை நாலைந்து முறை, கழுவிய நீர் தெளிவாக வரும்வரை அலசி, வாணலியில் வறுத்துக் காயவைக்க வேண்டும். அலசாத மணலில் இருக்கும் களிமண் வடிதாளின் துளைகளை அடைத்துவிடும். கொஞ்சம் கீழே இறங்கி உப்பையும் பழுப்பாக்கும். காய்ந்த மணலில் ஒருமுறை காந்தத்தை ஓட்டுங்கள். ஆற்று மணலிலும் கடல் மணலிலும் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்கள் இயற்கையாகவே இருக்கும். அவற்றை முன்கூட்டியே எடுக்காவிட்டால், 5 கிராம் இரும்பு போட்டு 6 கிராம் எடுத்த அதிசயம் நடக்கும்.

கல்லுப்பு வேண்டாம். அதில் மண் இருக்கும். சூடுபட்டால் படபடவென்று வெடித்துத் தெறிக்கவும் செய்யும். இரும்புத்தூள், எண்ணெய் படாத அரத்தால் ராவியதாக இருக்கட்டும். லேத் பட்டறைத் தூளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மணலும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். எல்லாம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். கலந்த கையோடு பிரிக்கத் தொடங்கிவிடுங்கள்.

காந்தம்

காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் காந்தத்தில் ஒட்டிய தூளை வழித்தெடுப்பது பெரும்பாடு; உறை இருந்தால் காந்தத்தை வெளியே இழுத்ததும் தூள் தானாக உதிரும். கலவையை ஒரு தாளில் மெல்லியதாகப் பரப்பி, அரை சென்டிமீட்டர் உயரத்தில் காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். குவியலுக்குள் காந்தத்தைக் குத்தக் கூடாது. இரும்புத்தூள் முள்முள்ளாக எழுந்து நிற்கும்போது அந்த முள்களுக்கு நடுவே மணலும் உப்பும் சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் வந்ததை வேறொரு தாளில் உதிர்த்து, அதன்மீதே மறுபடி காந்தத்தை ஓட்டினால் சிக்கியவை தாளிலேயே நின்றுவிடும். மூன்று முறை செய்தால் சுத்தமாகிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி ஆலையில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் என்ற கனிமத்தைப் பிரிப்பதிலும் காந்தப் பிரிகைக்கு முக்கியப் பங்கு உண்டு. இல்மனைட்டின் காந்த ஈர்ப்பு மிகக் குறைவு என்பதால் அங்கே வலுவான காந்தங்கள் தேவைப்படுகின்றன.

பதங்கமாதல்

மீதியைச் சீனக்கிண்ணத்தில் போடுங்கள். துளைகள் குத்திய வடிதாளால் மூடி, அதன்மேல் உலர்ந்த கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து, புனலின் குழாய் வாயில் பஞ்சைத் தளர்வாக வையுங்கள். இறுக்கி அடைத்தால் சூடான காற்று புனலைத் தூக்கிவிடும். கிண்ணத்தின் அடியில் சிறு தீ. வெண்புகை எழுந்து புனலின் உட்சுவரில் வெண்பனி போலப் படியும். புனலின் வெளிப்புறம் பிழிந்த ஈரத்துணியைச் சூடேறும் முன்பே சுற்றிவிட்டால் நன்றாகப் படியும். சூடேறிய கண்ணாடியில் சுற்றினால் விரிசல் விடும். தீயைக் கூட்டினால் புகை படிய நேரமில்லாமல் பஞ்சு வழியே வெளியேறும், தாளும் கருகும். உப்பு உருகவே 801 டிகிரி வேண்டும் என்பதால் அது மணலோடு அப்படியே கிடக்கும்.

புகை அடங்கியதும் தீயை அணைத்து, முழுதும் ஆறிய பிறகே புனலைத் தூக்க வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் படிந்தது உதிர்ந்து மணலிலேயே விழும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்தப் புகை தொண்டையைக் கரிக்கும். 3 கிராமில் கொஞ்சம் குறைவது இயல்புதான்.

கரைத்து வடிகட்டுதல்

10 கிராம் உப்புக்குக் கணக்குப்படி 28 மி.லி. தண்ணீர் போதும். ஆனாலும் 40 மி.லி. ஊற்றுங்கள். 200 மி.லி. ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் அத்தனையையும் பிறகு வற்றவைக்க வேண்டியிருக்கும். வெந்நீரில் உப்பு சீக்கிரம் கரையுமே தவிர, அதிகமாகக் கரையாது; கொதிநீரில்கூட 39 கிராம்தான்.

வடிதாளை இரண்டாக, பிறகு நான்காக மடித்து, ஒரு பக்கம் மூன்று மடிப்பும் மறுபக்கம் ஒன்றுமாக விரித்துப் புனலில் வைத்து, சொட்டு நீரால் நனைத்து ஒட்டவையுங்கள். முதலில் தெளிந்த நீரைக் கண்ணாடிக் குச்சி வழியாக ஊற்றி, மணலைக் கடைசியில் சரிக்க வேண்டும். நீர்மட்டம் தாளின் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழேயே நிற்கட்டும். விளிம்பைத் தாண்டினால் தாளுக்கு வெளியே மணல் இறங்கிவிடும். வடிந்து முடிந்ததும் 5 மி.லி. நீரை இருமுறை மணல்மேல் ஊற்றி, அந்த நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. கழுவாத மணல் காய்ந்ததும் ஒரு துகளை நாவில் வைக்கத் தோன்றும்; ஆய்வகத்தில் எதையும் சுவைக்கக் கூடாது, தராசே சொல்லிவிடும்.

உப்பை எடுத்தல்

உப்புநீரைச் சீனக்கிண்ணத்தில் கொதிக்கவிட்டு, கால்வாசி மிஞ்சும்போது தீயைக் குறையுங்கள். மேலே ஆடை கட்டிய உப்பின் அடியில் நீராவி சிக்கினால் வெடித்துக் கண்ணில் தெறிக்கும். கூழ்ப்பதம் வந்ததும் தீயை அணைத்துவிட்டால் கிண்ணத்தின் சூட்டிலேயே மீதி காய்ந்துவிடும். அழகான சதுரப் படிகங்கள் வேண்டுமானால் கொதிக்கவிடாமல் அகன்ற தட்டில் ஊற்றி, அசைக்காமல் சில நாள் வையுங்கள்.

தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரை முழுதாக வற்றவிட மாட்டார்கள். ஜிப்சம் முதலில் படியும். உப்பு அதன் பிறகு விளையும். மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீரைக் கடைசியில் வெளியே விட்டுவிடுவார்கள். அதையும் சேர்த்து வற்றவிட்டால் உப்பு கசக்கும், ஈரத்தை இழுத்துக் கசியும்.

எடை போட்டுப் பார்த்தல்

மணல் 20 கிராமுக்கு மேல் வந்தால் கழுவியது போதவில்லை அல்லது காயவில்லை. உப்பு 10 கிராமைத் தாண்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, அல்லது நவச்சாரம் முழுதும் பதங்கமாகவில்லை. ஆறியதும் மறுபடி சூடாக்கி எடை பார்த்தால் குறையும். தொடர்ந்து இருமுறை ஒரே எடை வரும்வரை இதைச் செய்யுங்கள். உப்பு குறைந்தால் மணலிலும் வடிதாளிலும் அது தங்கியிருக்கிறது.

நவச்சாரத்துக்குப் பதில் கற்பூரம் கொடுத்திருந்தால் தீயை மறந்துவிடுங்கள்; அதன் ஆவி தீப்பற்றும். கற்பூரம் நீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். காந்தத்துக்கு அடுத்து நேராகத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள்: உப்பு கரையும், மணல் அடியில் தங்கும், கற்பூரம் உப்புநீரின்மேல் மிதக்கும். கரண்டியால் அள்ளி, வடிதாளில் ஒற்றி, நிழலில் உலர்த்தி மூடிய டப்பாவில் வையுங்கள். திறந்து வைத்தால் எடை போடுவதற்குள் கொஞ்சம் காற்றோடு போய்விடும்.