திமிங்கிலத்தை விடுங்கள், ஊறுகாய் ஜாடியை எடுங்கள்

அமெரிக்கப் பெருங்கடைச் சங்கிலியான வால்மார்ட்டைக் கண்டித்து எழுத உட்கார்ந்தால் முதலில் கைக்கு வரும் உவமை திமிங்கிலம், அடுத்தது ஆக்டோபஸ். இரண்டும் தேய்ந்துபோன சொற்கள். படிப்பவர் கண் அவற்றில் நிற்காது.

படி 1: உவமைக்கு முன் ஒரு பொருளையும் ஒரு எண்ணையும் தேடுங்கள். விளாசிக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வெள்ளரிக்காய் ஊறுகாய் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலன் ஜாடி, அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர். 1990களின் இறுதியில் வால்மார்ட்டில் அதன் விலை 2.97 டாலராக இருந்தது. அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் ஜாடிக்கு மிஞ்சிய லாபம் சில்லறைக் காசுதான். லாபம் தரும் சின்ன ஜாடிகளின் விற்பனையையும் அதுவே தின்றது. நிறுத்தவும் வழியில்லை, விளாசிக்குக்கு வால்மார்ட்தான் அப்போது பெரிய வாடிக்கையாளர்.

படி 2: பொருளுக்கும் உவமைக்கும் உள்ள பொதுத்தன்மையை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். இங்கே அது "பிடித்திருந்தாலும் கேடு, விட்டாலும் கேடு". உவமை தானாக வந்துவிடும்: புலிவாலைப் பிடித்த கதை. பழகிய தொடர்தான், எண்ணைச் சேர்த்தால் உயிர் வரும்: "விளாசிக் பிடித்த புலிவாலின் விலை 2.97 டாலர்." பொதுத்தன்மையை எழுத வரவில்லையென்றால் அந்த உவமை வெறும் வசவு. எடுத்துவிடுங்கள்.

படி 3: உருவகம் உண்மையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். விளாசிக் 2001 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. உடனே "வால்மார்ட் கொன்றது" என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் 1998இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்திலிருந்து பிரிந்தபோதே விளாசிக் தலையில் பெருங்கடன் ஏறியிருந்தது. "கொன்றது" ஒரே காரணத்தைச் சொல்லும் வினை. "கழுத்தில் இன்னொரு கல்லைக் கட்டியது" என்றால் கடனுக்கும் இடமிருக்கும்.

படி 4: ஆகுபெயரை, அதாவது ஒன்றின் பெயரால் அதனோடு தொடர்புள்ள இன்னொன்றைச் சுட்டுவதை, அளவாகப் பயன்படுத்துங்கள். வால்மார்ட்டின் தலைமையகம் ஆர்கன்சா மாநிலத்தின் பெண்டன்வில் ஊரில் இருப்பதை முதலில் சொல்லிவிட்டால், பிறகு "பெண்டன்வில் விலையைக் குறைக்கச் சொன்னது" என்று எழுதலாம். யார் சொன்னது என்பதே கேள்வியாக இருக்கும் இடத்தில் வேண்டாம், பொறுப்பாளி ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

படி 5: புகழ்வதுபோல் இகழும் வஞ்சப்புகழ்ச்சி, கட்டுரைக்கு ஒன்று போதும். "விலையைக் குறைக்க வால்மார்ட் எந்தத் தியாகத்துக்கும் தயார், மற்றவர் பையிலிருந்து." இது ஜாடிக் கணக்குக்குப் பின்னால் வரவேண்டும். முன்னால் வைத்தால் பாதிப் பேர் உண்மையான பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக வாய்விட்டுப் படியுங்கள். புலி வாலாட்டும் பத்தியில் ஆக்டோபஸ் கை நீட்டினால் ஒன்றை வெட்டுங்கள், பெரும்பாலும் ஆக்டோபஸை.