கடனை அடைத்தால் சூதாட்டம் நின்றுவிடுமா?

கொள்முதல் நிலையத்தில் போட்ட குறுவை நெல்லுக்குப் பணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கு இருப்பதோ வீட்டுக்காரரின் போனில். ஒரு போகத்து வரவு ஒரே ராத்திரியில் ஆன்லைன் ரம்மியில் போய்விடலாம்.

சூதாட்டக் கடன் விஷயம் தெரிந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது, நகையைச் சொசைட்டியில் வைத்துக் கடனை அடைப்பதுதான். மானம் போகக்கூடாதே என்ற தவிப்பு புரிகிறது. ஆனாலும் இதைத்தான் பெரிய தவறு என்பேன். கடன் கொடுத்தவர் வாசலுக்கு வருவது நின்றதும் ஆடியவருக்கு மறுபடி கடன் கிடைக்கும். 'விட்டதைப் பிடித்துவிடுகிறேன்' என்று திரும்ப உட்கார்ந்துவிடுவார். அதோடு, முதல் தடவை சொல்லும் தொகை அநேகமாக முழுத் தொகையாக இருக்காது. குடும்ப ஆலோசனையில் வாரவட்டி, குழுக் கடன், ஆப் கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதச் சொல்வார்கள். வீட்டுச் செலவுக்கான பணம் வேறொருவர் பெயரில் தனிக் கணக்குக்குப் போகும். கடனைத் தவணையாக அவரே கட்டவேண்டும். மொத்தமாக அவர் கையில் பணம் தரக்கூடாது.

அடுத்தது, பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பது, குலதெய்வக் கோயிலில் சத்தியம் வாங்குவது. சத்தியம் செய்யும்போது அவர் மனதார நினைத்தே செய்கிறார். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்ட அடிமைத்தனமும் ஒரு நோய். சத்தியம் மட்டும் போதாது. ஊர் நடுவில் தலைகுனிந்தவர் அடுத்த தடவை இன்னும் நன்றாக மறைப்பார்.

'தடைதான் வந்தாச்சே' என்றும் இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை. மூணு நம்பர் லாட்டரிச் சீட்டு இன்னும் ஒளிவுமறைவாக ஓடுகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-இல் மத்திய அரசு தடைச் சட்டம் போட்டது. ஆடும் வெறி சட்டத்தால் தீர்வதில்லை.

அப்புறம், 'அவர் வந்தால்தான் ஆலோசனைக்குப் போவேன்' என்று காத்திருப்பது. வேண்டாம், நீங்கள் மட்டும் போகலாம். மனைவியோ அம்மாவோ தனியாகப் போய், சண்டையில்லாமல் பேசவும், பணம் கேட்டால் 'தரமாட்டேன்' என்று சொல்லவும் பழகினாலே வீட்டில் மாற்றம் தொடங்கும். உங்கள் தூக்கமின்மைக்கும் பயத்துக்கும்கூட அங்கே மருந்து உண்டு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் கேளுங்கள்.

பிள்ளைகளை 'அப்பா போனைப் பார்த்துச் சொல்லு' என்று வேவு பார்க்க விடாதீர்கள்.

'செத்துப்போறேன்' என்று அவர் சொன்னால், பணத்துக்காக மிரட்டுகிறார் என்று தள்ளிவிடாதீர்கள். பணத்தை நீட்டவும் வேண்டாம். தனியே விடாமல் கூடவே இருந்து, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள்.