சாக்கடை நாற்றமா? முதலில் டிராப்பைப் பாருங்கள்

வீட்டுக்குள் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள், நான் போய்ச் சேர்வதற்குள் பாட்டில் பாட்டிலாகப் பினாயிலை ஊற்றியிருப்பார்கள். பினாயில் வாடையைச் சற்று நேரம் மறைக்கும், அவ்வளவுதான். கழிவுக் குழாய்க்கும் நம் மூக்குக்கும் நடுவே காவல் நிற்பது டிராப்பில், அதாவது வடிகாலில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி அமைத்த பகுதியில், தேங்கியிருக்கும் இரண்டு அங்குலத் தண்ணீர். அது எங்கே இல்லையோ, அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பிளம்பிங்கில் இந்த வேலையின் முக்கால் பங்கு.

நாற்றம் சமையலறைப் பக்கம் என்றால் முதலில் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக எல்பிஜியில் கலக்கும் மெர்காப்டனும் அழுகல் வாடைதான் அடிக்கும். ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

காரணம் சிலிண்டர் இல்லை என்று தெரிந்தபின், யாரும் புழங்காத குளியலறையிலிருந்து தொடங்குங்கள். கோடையில் தரை டிராப் தண்ணீர் தானாகவே வற்றிவிடும். ஜாலி மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் பளபளக்க வேண்டும். வற்றியிருந்தால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் மறுபடி சீக்கிரம் ஆவியாக விடாது. மூடிக்கு அடியில் கவிழ்ந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கப் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கப் போனால் தண்ணீர்த் தடுப்பும் போய்விட்டது. அதே அளவில் புதிது வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. தலைமுடியும் சோப்புக் கசடும் சேர்ந்தாலும் நாறும். பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

எந்த வாய் என்று பிடிபடவில்லையா? பாலித்தீன் பைகளில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, எல்லா வடிகால் வாயிலும் உட்கார வையுங்கள். பை துவாரத்தின் வடிவத்துக்கே அமர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் நாற்றம் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுப் பார்த்தால் இன்னும் சுலபம், அது வாயுவை உள்ளே இழுத்துக் காட்டிக்கொடுக்கும். ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. சாக்கடை வாயுவில் மீத்தேன் இருப்பதால் வடிகால் வாயருகே நெருப்பை நான் அனுமதிப்பதில்லை. மெல்லிய டிஷ்யூ பேப்பர்த் துண்டு போதும், காற்று வரும் இடத்தில் படபடக்கும்.

வாஷ் பேசினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சுருள் குழாயைச் சுவரில் உள்ள பைப்புக்குள் வெறுமனே செருகி விட்டிருப்பார்கள். டிராப்பும் இல்லை, சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி வேறு. பாட்டில் டிராப் ஒன்று பொருத்தி, சுவர்ப் பைப் வாயில் ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள். வாஷிங் மெஷின் குழாய்க்கும் இதே கதைதான்.

பக்கத்தில் பிளஷ் செய்யும்போது தரை டிராப் களக் களக் என்று சத்தம் போட்டால், அதன் தண்ணீரைக் குழாய் உறிஞ்சுகிறது. மொட்டை மாடியில் வென்ட் பைப்பின், அதாவது கழிவுக் குழாய்க்குக் காற்று விடும் பைப்பின், வாயைப் பாருங்கள். மூடி போட்டு அடைத்திருப்பார்கள், அல்லது குப்பை அடைத்திருக்கும். திறந்துவிட்டு, கொசுவலை மட்டும் கட்டுங்கள். வென்ட்டே இல்லாத வீட்டில் டிராப்பை எத்தனை முறை நிரப்பினாலும் பயனில்லை, பைப் போட்டே ஆக வேண்டும்.

செப்டிக் டேங்கைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதைவிட முதலில் அது ஓர் உயிர். கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து படுக்கையறையில் மட்டும் நாறுகிறதென்றால் ஏசியின் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று தொடர்ந்து பாருங்கள். அதைக் கழிவுப் பைப்போடு நேராக இணைத்திருந்தால் வாயு அந்த வழியாகவே கட்டிலுக்கு மேல் வந்து இறங்கும். குழாயைப் பிடுங்கி, வெளியே திறந்த வாளியிலோ செடித் தொட்டியிலோ விடுங்கள். கழிவுப் பைப்பின் அந்த வாயை மூடி போட்டு அடைத்துவிடுங்கள்.