ஸ்பிட்ஃபயரை வீட்டிலேயே சீரமைக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்றை வாங்கி வீட்டு ஷெட்டில் நிறுத்திவிட்டேன், என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கலரை விடுங்கள், கதவைத் திறந்து முட்டி போட்டு அதன் கீழே பாருங்கள் என்பதுதான். இந்த வண்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பணத்தை விரயமாக்கும் பெரிய தவறுகளும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1962இலிருந்து 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி இது. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கெலோட்டி. நம்மில் கொஞ்சம் வயதானவர்களுக்கு இதன் அண்ணனைத் தெரிந்திருக்கும்: சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்த ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, நீளம் குறைத்துத்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். திருச்சியில் அப்பாவிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும், அப்பா முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக்கைக் கழற்றுவார். கவென்ட்ரி பக்கம் குடியேறிய பிறகு ஒரு 1968 ஸ்பிட்ஃபயரின் பானெட்டை முதன்முதலாகத் தூக்கியபோது அதே காட்சி, அதே டயர் இருக்கை. வாங்கியதற்கு வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

சரி, சேஸிஸ் ஒன்றுதான் என்றாலும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஹெரால்டில் சேஸிஸின் இரண்டு ஓரத்திலும் ஓடும் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் கிடையாது. அந்தச் சுமையை கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓடும் சில் என்கிற தகரப் பகுதிதான் தாங்குகிறது. மேலே கூரையும் இல்லை. அதனால் சில் அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்கிறது, தொய்ந்தால் கதவின் மேல்பக்க இடைவெளி குறுகுகிறது, கதவு சரியாகச் சாத்தாது. வாங்கப் போகும்போது இன்ஜின் சத்தத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலும் கீழும் விரலால் அளந்து பாருங்கள். கையில் ஒரு சின்னக் காந்தமும் இருக்கட்டும். நான் வாங்கிய வண்டியின் சிவப்பு பெயிண்ட் புதிதாகப் பளபளத்தது. வீட்டுக்கு வந்தபிறகு கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன், ஒட்டவே இல்லை, அப்படியே தரையில் விழுந்தது. அங்கே இருந்தது விரற்கடை தடிமனுக்குப் பட்டி. தகரத்தின் சுவடே இல்லை.

இனி அந்த சில்லை மாற்றும் வேலை. இதில்தான் நிறைய நல்ல வண்டிகள் கெட்டிருக்கின்றன. முதல் தவறு, வெளித்தகரத்தை மட்டும் மாற்றுவது. சில் என்பது வெளித்தகரம், நடுவில் ஒரு பலத்தகரம், உள்தகரம் என்று மூன்று அடுக்கு. வெளியே ஓட்டை விழுந்திருந்தால் நடுத்தகரம் அதற்கு முன்பே போயிருக்கும், ஏனென்றால் தண்ணீர் உள்ளே தேங்கி உள்ளிருந்துதான் அரிக்கிறது. அழுகியதன் மேலேயே புதுத் தகரத்தை வைத்து வெல்டிங் அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும், பாரம் தாங்காது. இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: பாடியை சேஸிஸிலிருந்து தூக்கிவிட்டு, அல்லது வண்டியை இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிறுத்திவிட்டு, இரண்டு பக்க சில்லையும் ஒரே நாளில் வெட்டி எடுப்பது. வெட்டிய நிமிடமே பாடி சில மில்லிமீட்டர் மடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. புது சில்லை அந்த மடங்கிய நிலையிலேயே வெல்டிங் செய்து, பிரைமர் அடித்து, கதவை மாட்டும் நாளில்தான் தெரியும், அப்போது எல்லாவற்றையும் மறுபடி வெட்டுவதைத் தவிர வழியே இல்லை.

செய்ய வேண்டிய முறை இதுதான். பாடி சேஸிஸ் மேலேயே இருக்கட்டும். சேஸிஸை நான்கு இடத்தில் ஸ்டாண்டு போட்டு மட்டம் பார்த்து நிறுத்துங்கள். கதவு மாட்டிய நிலையிலேயே இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள். ஏற்கெனவே தொய்ந்திருந்தால் வெட்டுவதற்கு முன்பே நடுவில் முட்டுக்கொடுத்து மெல்ல மெல்ல ஏற்றி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். அப்புறம் கதவைக் கழற்றி, முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தைத் தற்காலிகமாக வெல்டிங் செய்யுங்கள், அதன் பிறகே வெட்டு. ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்த பக்கம். புதுத் தகரத்தை முதலில் அங்கங்கே புள்ளி வைத்து நிறுத்திவிட்டு, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்துவிட்டு, பிறகு முழு வெல்டிங் செய்யுங்கள். எனக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு வார இறுதிகள் பிடித்தன, அதில் ஒரு மணி நேரத்தைக்கூட நான் வீண் என்று நினைக்கவில்லை.

பிரிக்கும்போது நடக்கும் தவறு ஆர்வத்தில் வருவது. ஒரே சனி ஞாயிறில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பாதியில் விற்பனைக்கு வருகிற வண்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் பெட்டி பெட்டியாகத்தான் வரும். ஒரு பகுதியை எடுத்தால் அதை முடித்து மாட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுங்கள், நட்டு போல்ட்டை தனித்தனிக் கவரில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். பழைய பாகத்தை எக்காரணம் கொண்டும் உடனே தூக்கிப் போடாதீர்கள். இப்போது புதிதாகச் செய்து விற்கும் பாகங்கள் நிறைய கிடைக்கின்றன, ஆனால் ஒரு துளை தள்ளியிருக்கும், ஒரு வளைவு குறைந்திருக்கும். பழையதை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஸ்பேனர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியின் போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல போல்ட் தலை 12.7 மில்லிமீட்டர், அதில் நம் 13ஆம் நம்பர் ஸ்பேனர் நன்றாகப் பொருந்துவது போலவே இருக்கும். அந்த 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் போதும், ஐம்பது வருடத் துரு பிடித்த போல்ட்டின் முனைகளைச் சீவிவிட. அங்குல செட் ஒன்று வாங்கிவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது டிரன்னியன் என்கிற வெண்கலப் பாகத்துக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரைதான் உள்ளே சுழல்கிறது. அதாவது முன்பக்கத்தின் எடை முழுவதும் சுழலும் ஒரு திருகாணியில் நிற்கிறது. இதற்குப் போட வேண்டியது கியர் ஆயில், ஈ.பி. 90. கிரீஸ் அல்ல. ஆனால் கிரீஸ் கன்னால் ஏற்றும் இடமாக இருப்பதால் மெக்கானிக்குகள் உட்பட நிறைய பேர் பழக்கதோஷத்தில் கிரீஸையே அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் நாளடைவில் இறுகிக் கட்டியாகிவிடும், மரையின் அடிவரை போகாது, அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து தண்டைத் துரு தின்னும். மரை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு நாள் தண்டு முறியும். பல சமயம் நிறுத்தும் இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது முறிகிறது, அப்போது சக்கரம் மடங்கிப் படுத்துவிடும், அவ்வளவோடு தப்பிக்கலாம். எப்போதும் அப்படி நடக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

என் வண்டியில் இடப்பக்க டிரன்னியனைக் கழற்றியபோது உள்ளே மெழுகு மாதிரி காய்ந்த பழுப்பு கிரீஸ். அதைச் சுரண்டி எடுத்தால் மரையின் மேல்விளிம்பில் நகத்தால் தடவினாலே உணரும் அளவுக்கு ஒரு பள்ளம். அந்தத் தண்டை அன்றே ஒதுக்கிவிட்டேன். எனவே வாங்கிய வண்டியில் இது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் சாலைக்கு எடுக்காதீர்கள். பள்ளமோ துருவோ இருந்தால் தண்டையும் டிரன்னியனையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கத்து மரை வலஞ்சுழி, மறுபக்கத்து மரை இடஞ்சுழி, வாங்கும்போது பக்கம் சொல்லி வாங்குங்கள். ஒரு பழைய கிரீஸ் கன்னை நன்றாகக் கழுவி, ஆயில் நிரப்பி, இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினில் ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன், இரண்டு பேர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இன்ஜின் அணைந்திருக்கும்போது ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட வேண்டும், மற்றவர் இன்ஜினின் முன்பக்கம் கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டின்) முனையிலுள்ள புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் அந்த இன்ஜினை இனி ஓட்டாதீர்கள். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்க அரைவட்ட வாஷர் இரண்டு பின்பக்க பேரிங்கில் இருக்கின்றன. அனுமதித்த ஆட்டம் 0.1இலிருந்து 0.2 மில்லிமீட்டர் வரைதான். அவை தேய்ந்தால் நழுவி அடியிலுள்ள ஆயில் சம்ப்பில் விழும், அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். சம்ப்பைக் கழற்றினால் இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே இவற்றை மாற்றிவிடலாம், விலையும் அற்பம். மாட்டும்போது காடி வெட்டிய பக்கம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் தேய்ந்ததைவிட மோசம். கிளட்ச்சை மிதித்தபடியே சிக்னலில் நிற்கும் பழக்கம் இருப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும், இந்த வாஷர்களைத் தேய்ப்பது அந்த மிதிதான்.

மின்சார வேலையில் சுருக்கமாக ஒன்று. 1967இல் ஸ்பிட்ஃபயரின் மூன்றாவது வடிவமான மார்க் 3 வருவதற்கு முந்தைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அது தெரியாமல் பேட்டரியை இன்றைய வழக்கப்படி இணைத்தால் மின்பாகங்கள் கெடலாம், நெகட்டிவ் எர்த்துக்கான எலக்ட்ரானிக் இக்னிஷனை மாட்டினால் அது அங்கேயே புகையும். விளக்கு மங்கலாக எரிந்தால் உடனே வயரிங் முழுவதையும் பிடுங்காதீர்கள், பாதிக் கோளாறுகள் எர்த் முனையில் பிடித்த துருவால் வருபவை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே சரியாகும்.

பெட்ரோல் விஷயத்தில் பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே ஈ10 ஆகிவிட்டது, பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ்களை அது இளக்கிவிடும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றாமல் முதல் ஸ்டார்ட்டுக்குப் போகாதீர்கள். கார்புரேட்டர்கள் சூடான சைலன்சர் பைப்புக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, வெல்டிங்குக்கு முன் அதைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதில் சமரசமே கூடாது, காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து. பழைய பிரேக், கிளட்ச் பாகங்களின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள்.

பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில். பிரைமரோடு வண்டியை முழுதாகப் பூட்டி, ஓட்டி, கதவும் பானெட்டும் உராய்கிற இடங்களைச் சரிசெய்த பிறகு அடித்தால் ஒருமுறை அடித்தால் போதும்.

பிரிட்டனில் நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு, பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால், எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர சாலைத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாதீர்கள். கட்டணம் கொடுத்து நீங்களாகவே ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் பூட்டிய பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அடியில் நின்று ஆட்டிப் பார்க்கட்டும். என் வண்டியில் சோதித்தவர் பின்பக்க பிரேக் பைப் ஒன்று ஸ்பிரிங்கில் லேசாக உரசுவதைக் காட்டினார், மூன்று முறை பார்த்தும் அது என் கண்ணில் படவே இல்லை. பைப்பை இரண்டு கிளிப் போட்டு நகர்த்திக் கட்டிய பிறகுதான் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் நீண்ட பயணம் கிளம்பினேன்.