வேர்ஜீனிய ஆளுநர் தெரிவை வகுப்பறையில் நடத்துதல்

மட்டக்களப்பில் உயர்தர அரசியல் விஞ்ஞானம் கற்பிப்போர், கிழக்கு மாகாண ஆளுநரை ஜனாதிபதி நியமிப்பதையே கண்டு பழகிய மாணவருக்கு, ஆளுநரைச் சட்டமன்றத்தின் இரு சபைகளும் தெரிவுசெய்வதற்கு அமெரிக்காவின் வேர்ஜீனிய மாநிலத்தின் 1776ஆம் ஆண்டு அரசியலமைப்பு வகுத்த முறையை இவ்வாறு நடத்திக் காட்டலாம். வகுப்பை அச்சட்டமன்றத்தின் பிரதிநிதிகள் சபை (கீழவை), செனற் (மேலவை) என இரண்டாகப் பிரித்து, முன்னதில் கூடுதலானோரை அமர்த்துங்கள். ஒவ்வொரு சபையும் தன் இடத்திலேயே வாக்களித்த பின்னர், இரு பெட்டிகளையும் பொது அறைக்குக் கொண்டுவந்து, இரு சபைகளின் குழுக்களும் சேர்ந்தே எண்ண வேண்டும். கூட்டுத்தொகையே முடிவைத் தீர்மானிப்பதால் பெரிய சபையின் கை ஓங்குவதை மாணவர் தாமாகவே காண்பர், என் பார்வையில் பயிற்சியின் பயனே அதுதான். எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிடின் மீண்டும் வாக்களிக்கச் செய்யுங்கள். 1779இல் தோமஸ் ஜெபர்சனும் இரண்டாம் சுற்றிலேயே ஜோன் பேஜை வென்றார். பதவிக்காலம் ஓராண்டு, தொடர்ச்சியாக மூன்றாண்டுகளே உச்சம். சட்டமூலத்தைத் தடுக்கும் அதிகாரம் இந்த ஆளுநருக்கு இருக்கவில்லை என்பதை இறுதியில் சொல்லி, காரணத்தை மாணவரிடமே கேளுங்கள்.