கடைக்கு ஒரு படப்பலகை: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

காரைக்குடியில் கடை வைத்த முதல் ஆண்டு, ஓர் ஆச்சி வந்து அலமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் ஆத்தா, இதெல்லாம் நீங்கள் செய்ததா, நாலு ஊர்ச் சந்தையில் வாங்கி அடுக்கியதா?" எல்லாம் நாங்கள் செய்தவைதான். பனையோலையில் முடைந்த கொட்டான் என்கிற கூடை, கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைத் துணியில் தைத்த பை, ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலையை வரைந்த வாழ்த்து அட்டை. ஆனால் முகம் தெரியாத விருந்தாளிகளைப் பந்தியில் ஒன்றாக உட்கார வைத்தது போல இருந்தன. அதன் பிறகுதான் படப்பலகை வைத்துக்கொண்டேன். மூட் போர்டு என்கிறார்களே, அதுதான். கடையின் நிறமும் சாயலும் இன்னதென்று படங்களையும் துணுக்குகளையும் ஒரு பலகையில் குத்திவைத்து, செய்கிற ஒவ்வொன்றையும் அதனருகே பிடித்துப் பார்ப்பது. நல்ல பழக்கம். அதையும் எத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்று அடுத்த ஆண்டு முழுவதும் கற்றேன்.

முதலில், பிடித்ததையெல்லாம் குத்தினேன். படங்களைச் சேர்த்துவைக்கும் பின்ட்ரெஸ்ட் தளத்தைத் திறந்தால் விரல் நிற்பதில்லை. கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பு, பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, நடுவில் ஜப்பான் மூங்கில் கூடை, மொராக்கோ விளக்கு என்று 140 படங்கள் சேர்ந்துவிட்டன. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். தெருவில் இறங்கினாலே கண்ணுக்கு விருந்து. ஆனால் ஒரு நிலைவாசலில் இருக்கும் வேலைப்பாடே ஒரு கடைக்கு மூன்று வருடம் போதும். இப்போது என் பலகையில் 12 துண்டுகள்தான். புதிது ஒன்று ஏற வேண்டுமானால் பழையது ஒன்று இறங்க வேண்டும்.

அதிகப் பணத்தைக் கரைத்த தவறு வேறு: போன் திரையில் தெரிந்த நிறத்தை நம்பியது. மயில்கழுத்து நீலம் ஒன்று கண்ணைப் பறித்தது. படத்தைக் காட்டி, 60 கொட்டானுக்கு ஓலை சாயமேற்றச் சொன்னேன். சாயத் தண்ணீரில் கொதித்து வெளியே வந்தது, பாசி படிந்த ஊருணியின் நிறம். முடைகிற அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஓர் ஓலைக் கீற்றை எடுத்து என் போனின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காரணம் எளியது. திரையில் நிறம் வெளிச்சமாக வருகிறது. ஓலையிலோ அதன் சொந்த நிறத்தின் மேல் சாயம் ஏறுகிறது. காய்ந்த குருத்தோலை வெள்ளையாகத் தோன்றினாலும் உள்ளே இளமஞ்சள் இருக்கிறது; நீலம் ஏற்றினால் பச்சைப் பக்கம் சாயும். பருத்தியில் அதே நீலம் வேறு மாதிரி நிற்கும். ஆத்தங்குடிக் கல்லின் கதையே தனி. கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஆக்சைடு நிறப்பொடி கலந்த சிமென்ட் கரைசலை அறை அறையாக ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, பிறகு நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தக் கல்லின் மண் சிவப்பு ஓலையில் அப்படியே வராது, பக்கத்தில்தான் வரும். ஆகவே பலகையில் படத்தைக் குத்தாதீர்கள், சாயமேற்றிய ஓலைக் கீற்றையும் துணி வெட்டையும் நூலையும் குத்துங்கள். குழல்விளக்கின் கீழே பார்க்காமல், வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வானம் தெரிகிற இடத்தில் காலை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கீற்றின் பாதியை அட்டையால் மூடி ஒரு மாதம் வெயிலில் போட்டால், எந்த நிறம் வெளுத்துப்போகும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, பொருள்களைத் தனித்தனியாகப் பார்ப்பது. எங்கள் கடையில் ஒவ்வொன்றும் தனியே அழகுதான், சேர்த்துவைத்தால்தான் சண்டை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைக் குனிந்து பாருங்கள். பல வடிவங்களில் ஒரு கல்லில் கால் பூதான் இருக்கும். நான்கு கல் கூடினால்தான் பூ முழுதாகும். நடுவில் என்ன பூ இருந்தாலும், ஓரமாக ஒரு கரை வரிசை சுற்றி ஓடி அறையைக் கட்டிவைக்கும். எனக்கு வழி காட்டியது அந்தக் கரைதான். கொட்டானின் விளிம்பிலும் பையின் ஓரத்திலும் அட்டையின் தலைப்பிலும் ஒரே அரக்குச் சிவப்புக் கோடு. வேறெதையும் மாற்றவில்லை. அதற்கே அலமாரியில் இருந்தவை எல்லாம் ஒரே வீட்டுப் பொருள்கள் போல ஆகிவிட்டன.

பிறர் செய்த கொட்டான் படங்களையே பலகையில் குத்திவைத்தால், கை தானாக அதையே முடையும். தரை, கதவு, மஞ்சள் விரித்த முற்றம், முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தொங்கும் இனாமல் தூக்கு என்று வேறு இனத்தில் தேடுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013-லும் காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-லும் புவிசார் குறியீடு, அதாவது இன்ன ஊர்ப் பொருள் என்று பெயரைக் காக்கும் பதிவு, கிடைத்திருக்கிறது. பலகையில் கண்டாங்கிக் கட்டம் இருக்கிறதே என்று, விசைத்தறித் துணியில் அதே கட்டத்தைப் போட்டு 'கண்டாங்கி' என்று சீட்டு ஒட்டக் கூடாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற பயனர்களுக்குத்தான் அந்தக் குறியீட்டின் மேல் உரிமை.

விலைச்சீட்டு, கட்டிக் கொடுக்கும் தாள், படம் எடுக்கும் பின்னணி மூன்றும் பலகையில் இடம்பெற வேண்டும். பொருளைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, பளபளக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தேன், இரண்டு வருடம்!

கடைசியாக, ஒவ்வொரு பண்டிகைக்கும் பலகையைக் கலைக்காதீர்கள். ஒரு வருடமாவது நிற்கட்டும். நடுவில் வேறு கேட்டு வருவார்கள்தான். போன மாதம் ஒரு பிறந்தநாளுக்கு, அடர் ரோஜா நிறத்தில் பொம்மை முகம் ஒட்டிய 40 கொட்டான் கேட்டார்கள். செய்து கொடுத்தேன், வாடகை கட்ட வேண்டும் அல்லவா? ஆனால் அலமாரியில் வைக்கவில்லை, கடையின் இணையப் பக்கத்தில் படமும் போடவில்லை. ஒன்று மிஞ்சியது. கல்லாவுக்கு அடியில், பலகைக்கான குண்டூசிகளை அதில்தான் போட்டுவைத்திருக்கிறேன்.